ஏழாம் அறையின் செப்புத்தகடு

அவருக்கு மரக்கட்டை என்று பேர் வைத்ததே மனைவிதான். யார் செத்தாலும் கண் கலங்காத மனுஷனை வேறெப்படிக் கூப்பிடுவதாம்?

இளவயதில் ராணுவத்தின் வெடிமருந்துக் கிடங்கில், ஏழாம் அறை வாசலில் அவருக்குக் காவல் வேலை. சுவரில் பதித்த செப்புத்தகட்டில் கை வைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே போகலாம். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஒரு பொறி போதும். ஊரான் கை வைப்பதை வேடிக்கை பார்க்கச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் என்று மச்சான் கேலி செய்வான். மனைவியின் ஒரே தம்பி. இவர்தான் அங்கே சேர்த்துவிட்டார்.

ஒருநாள் காலை அவன் இரண்டு கையிலும் பெட்டியோடு வந்தான். "கை காலியா இல்ல மாமா, திரும்பி வரும்போது வைக்கிறேன்" என்றான். இவரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். சற்று நேரத்தில் அறை தீப்பிடித்தது. சுவர் தாங்கியது, அவனோடு சேர்த்து உள்ளே இருந்த மூன்று பேரும் பிழைக்கவில்லை.

தகட்டில் கை வைத்தானா என்று விசாரணை அதிகாரி கேட்டார். வீட்டில் மனைவியும் கேட்டாள். இரண்டு பேரிடமும் "வச்சான்" என்றார். அன்றோடு மனசு மரத்துப்போனது.

முப்பது வருஷம் கழித்து ராணுவம் காலிசெய்துகொண்டு போக, கிடங்கை மெத்தைக் கம்பெனி ஒன்று வாங்கியது. குண்டு கிடந்த இடத்தில் தலையணை. அதே வாசலில் இவரே வாட்ச்மேன். அங்கே நிற்க ஒருமாதிரி இல்லையா என்று கேட்டவர்களிடம், "கால் வலிக்குது" என்றார். பொய்யில்லை. வேறெதுவும் வலிக்கவில்லை.

போன வாரம் வெள்ளையடிக்க வந்தவர்கள் தகட்டைக் கழற்றிக் கீழே போட்டார்கள். மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"இதுலதான் கை வச்சானா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அதிகாரியும் இல்லை, பறிபோவதற்குப் பழைய வேலையும் இல்லை.

"ஆமா" என்றார்.

"அவன் கடைசியா தொட்டது. நம்ம வீட்டுலயே இருக்கட்டும்" என்று துடைத்து எடுத்துக்கொண்டாள்.

மறுநாளே தச்சரைக் கூப்பிட்டுத் தலைவாசலில் பொருத்திவிட்டாள். போகும்போதும் வரும்போதும் தொடுகிறாள். இவரையும் தொட வைக்கிறாள். இவரும் தொடுகிறார். சில்லென்று இருக்கிறது, அவ்வளவுதான்.

நேற்று இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு வந்தவர், தொடாமலே உள்ளே நுழையப் பார்த்தார்.

"கை காலியா இல்லம்மா."

"அதுக்கென்ன? கீழ வச்சிட்டுத் தொட்டுட்டு வாங்க."

வைத்தார், தொட்டார். இரண்டு நொடிகூட ஆகவில்லை. குனிந்து பைகளை மறுபடி தூக்கத்தான் முடியவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.