எண்ணெய் ஊறிய சுத்தியல்

என் மேசை லாச்சியில் ஒரு பழைய பியானோச் சுத்தியல் கிடக்கிறது. மெல்லிய மரக்காம்பு, நுனியில் கம்பியைத் தட்டும் கம்பளித் தலை. காம்பின் அடியை முகர்ந்தால் இன்றைக்கும் தேங்காயெண்ணெய் நாற்றம்.

கட்டாரில் பியானோக் கடையொன்றில் பத்து வருடம் வேலை செய்துவிட்டுக் கல்முனைக்குத் திரும்பி, ஏ.சி. திருத்திக்கொண்டிருந்த என்னைத் தேடி வந்தவர் ஒரு சங்கீத டீச்சர். அவருடைய பள்ளிக்கூட மண்டபத்தில் பழைய கிராண்ட் பியானோ ஒன்று நின்றது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை வாசித்தவர் அவர் ஒருவர்தான். ஓய்வுபெற ஒரு மாதம் இருந்தது. கடைசிப் பரிசளிப்பு விழாவில் பிள்ளைகளின் பாட்டுக்கு அவர் வாசிக்க வேண்டும். ஆனால் பாதிக் கட்டைகள் அழுத்தினால் எழும்பவில்லை.

உள்பொறியை வெளியே இழுத்துப் பார்த்தேன். எண்பத்தெட்டுச் சுத்தியலின் மூட்டிலும் எண்ணெய் ஊறி, உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து பசையாகியிருந்தது. எண்ணெய் படவே கூடாத இடம் அது. யார் செய்த வேலை என்று கேட்டேன்.

“மாரி மழைக்கு இறுகிப் போகும் தம்பி. தையல் மெஷினுக்கு விடுற மாதிரி நான்தான் தேங்காயெண்ணெய் சொட்டுச் சொட்டா விட்டன். ஒவ்வொரு வருசமும்,” என்றார் டீச்சர், சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு.

இரண்டே வழிதான். துடைத்துச் சரிபார்த்துப் பூட்டினால் விழாவரைக்கும் ஓடும்; அடுத்த மாரியில் திரும்ப ஒட்டிக்கொள்ளும். முழுவதும் கழற்றிப் புதிதாகக் கட்டினால் நெடுநாள் நிற்கும். அதற்குச் சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விழாவுக்குள் முடியாது.

“எனக்கு விழா அண்டைக்கு ஒருநாள் வாசிச்சாப் போதும், தம்பி.”

அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. தொழில் தெரிந்தவன் என்ற பெருமை வேறு. “செய்யிறதெண்டா ஒழுங்காச் செய்வம் டீச்சர்,” என்றேன். பள்ளிக்கூட அதிபரும் தலையாட்டிவிட்டார்.

உள்பொறியை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெள்ளைத் துணி விரித்துச் சுத்தியல்களை நிரையாக வைத்திருந்தேன். “இதென்னங்க, மய்யித்துக் கிடத்தின மாதிரி?” என்றாள் மனைவி. டீச்சர் கேட்ட அந்த ஒருநாளைப் பறித்துவிட்ட என் பிழை மூன்றாம் நாளே எனக்கு விளங்கிவிட்டது. அதற்குள் பழைய மூட்டுகளையெல்லாம் அறுத்துவிட்டிருந்தேன். திரும்பப் பூட்டவும் வழியில்லை, முடிக்கவும் சாமானில்லை. வாசலில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால், டீச்சர்தான் ஆளனுப்பியிருக்கிறாரோ என்று ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன். அவர் ஒருநாளும் அனுப்பவில்லை.

விழாவன்று பிள்ளைகள் வெறும் வாயால் பாடினார்கள். டீச்சர் அந்த வெறுங்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒரு கையால் தாளம் காட்டினார். மற்றக் கை பியானோ மூடியின்மேல் இருந்தது. அதன் விரல்கள் பாட்டு முடியும்வரை அசைந்துகொண்டே இருந்தன. சபையில் இருந்த எனக்கு எழுந்து போகவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

இப்போது டீச்சர் கனடாவில், மகளோடு. சாமான் வந்து வேலை முடிந்த பியானோ முதல்தரமாக இருக்கிறது, வாசிக்க ஆளில்லை. ஆனாலும் தவணைக்கொருமுறை அதைப் பார்த்துவிட்டுப் போகும்படி அதிபர் அழைப்பார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்றைக்கும் அழைத்தார். கருவிகளை எடுக்க லாச்சியைத் திறந்தால், அன்று கழித்துவைத்த அந்தச் சுத்தியல். அந்த நாற்றத்தோடுதான் மண்டபத்துக்குப் போனேன். தனியாக உட்கார்ந்து முதல் கட்டையிலிருந்து கடைசிக் கட்டைவரை ஒவ்வொன்றாக அழுத்தினேன். எல்லாம் எழும்பின. எனக்கு ஒரு பாட்டும் வாசிக்கத் தெரியாது.