சாம்பல் போட்டுக் கழுவிய போத்தல்

வெளிநாட்டில் இருந்த என் பேராசிரியர் அனுப்பிய வெள்ளைத் தூள், போரில் தரைப்பாதை பூட்டியிருந்ததால் கிளாலிக் கடலில் படகேறி, தெரிந்த ஒருவரின் கையோடு வந்து சேர்ந்தது. ஒரு சின்னக் குப்பி, அவ்வளவுதான். அது ஆய்வுகூடத்தில் செய்த மூலக்கூறு, வளையம்போல இருக்கும். நீரில் கரைந்த உப்பிலுள்ள பொற்றாசியம் அந்த வளையத்துக்குள் அளவாகப் போய் உட்காரும். சோடியம் சிறிசு, அதில் நிலைக்காது. ஆனால் தண்ணீருக்குள் எந்த உப்பும் வெறும் உடம்போடு திரிவதில்லை; தண்ணீரையே போர்த்துக்கொண்டிருக்கும். அந்தப் போர்வையைக் கழற்றிவிட்டு எவ்வளவு பொற்றாசியம் வளையத்துக்குள் போகிறது என்று அளந்து அனுப்பினால், அங்கே ஆராய்ச்சிப் படிப்புக்கு எனக்கு ஓர் இடம் என்று அவர் சொல்லியிருந்தார்.

குண்டு போடும் பொம்மருக்குப் பயந்து பல்கலைக்கழகம் பூட்டிக் கிடந்தது. உரும்பிராயில் எங்கள் குசினிதான் ஆய்வுகூடம். வீட்டில் நானும் அக்காவும் மட்டும். நான் விறகடுப்பில் தண்ணீரைக் காய்ச்சி வடித்தேன். பொற்றாசியத்தை அளக்கும் மீற்றருக்கான பற்றறியை ஏற்ற, அக்கா சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோ ஓடப் பெடலைக் கையால் சுற்றினாள். பொய் சொல்லக்கூடாது, என்னைவிட அவள்தான் பாடுபட்டாள்.

தூள் முழுவதையும் போத்தலில் கரைத்த பிறகுதான் கண்டேன். நான் உப்புப் போடுமுன்பே மீற்றர் முள் ஏறி நின்றது. வளையங்களுக்குள் ஏற்கெனவே யாரோ குடியேறிவிட்டார்கள்.

“அக்கா, போத்தலை என்னத்தாலை கழுவினனீ?”

“சாம்பல் போட்டுக் குலுக்கினனான். சவுக்காரம் எங்கை கிடக்கு? ஏன், வடிவா மினுங்குதுதானே?”

அரசு சோப்புக்கும் பொருளாதாரத் தடை போட்டதிலிருந்து ஊர் முழுக்கச் சட்டியும் சீலையும் சாம்பலில்தான் வெளுத்தன. சவுக்காரத்தில் நாங்கள் குண்டு செய்வோம் என்று எந்த மூளை கண்டுபிடித்ததோ! சாம்பல் என்றால் பொற்றாசியம். போத்தலின் அடியில் ஒட்டியிருந்த கொஞ்சமே போதும், என் கணக்கெல்லாம் பிழையாகிவிட. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

“எல்லாத்தையும் நாசமாக்கிப் போட்டியே!” என்று கத்தினேன்.

அவள் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

“இனி உந்தத் தூள் எடுக்கேலாதோ?”

“ஏலாது.”

“அப்ப நீ போகமாட்டாய், என்ன?”

கேட்கும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. சாம்பலுக்காக நான் அன்று கத்தியதோடு சரி. அந்த முகமலர்ச்சியை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.