கைக்கு எட்டாத சென்சர்

கணவர் இறந்த பிறகுதான் குணலட்சுமி அவருடைய பழைய காரை ஓட்டப் பழகினாள். அச்சுவேலி வீட்டில் இப்போது அவள் மட்டும்தான். ஒருநாள் காரில் எண்ணெய் அழுத்தம் காட்டும் சிவப்பு விளக்கு அணையாமல் நின்றது. கார் திருத்தும் கராச்சுக்குக் கொண்டுபோனாள். கராச்சுக்காரர் அழுத்தத்தை அளந்து பார்த்தார்.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு அக்கா. சென்சர்தான் பழுது. அது எஞ்சினுக்குப் பின்னாலை கிடக்கு, என்ரை கை போகாது. கனக்கச் சாமான் கழட்டவேணும். அடுத்த கிழமை கொண்டுவாங்கோ."

குணலட்சுமி தன் மெலிந்த கையைப் பார்த்தாள். புதுச் சென்சரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

எஞ்சின் ஆறியதும் குனிந்து கையை உள்ளே விட்டாள். டோர்ச் பிடிக்க ஆளில்லாமல் அதை வாயில் கவ்விக்கொண்டாள். அப்படியும் சென்சர் கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தாள். முழங்கை சிராய்ந்தது. பழையதைக் கழற்றிப் புதியதை முடுக்கி முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது.

காரை ஸ்டார்ட் செய்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

"சரிவந்திட்டுது!" என்று சத்தமாகச் சொன்னாள். கேட்க யாருமில்லை. கனடாவில் மகள் கஜந்தினி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பாள். சந்தோஷம் தாளாமல் குணலட்சுமி ஹோர்னை நீளமாக அடித்தாள்.

பக்கத்து வீட்டுச் சுவர்ணா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, ஆரும் வந்திருக்கினமோ?"

"இல்லைப் பிள்ளை," என்றாள் குணலட்சுமி. "நான்தான்."