தங்கை ஏறாத படகு

என் படகுக்கு லெசியெலி என்று என் தங்கையின் பெயரையே வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அடிப்பலகையைச் சுரண்டி, விரிசல் அடைத்து, கடைசியில் அந்தப் பெயருக்கு மட்டும் புதிதாக வெள்ளை பூசுவேன். ஹாபாய் தீவுகளில் இவ்வளவு சுத்தமான படகு வேறு கிடையாது. ஆனால் இந்த வாரம் வரை அவள் அதில் கால் வைத்ததில்லை.

சிறுமியாக இருந்தபோது, கடல் வற்றியதும் அம்மாவோடு சிப்பி பொறுக்கப் போவாள். மற்றவர்கள் கூடையை நிரப்புவார்கள். இவள் தூண்டில் நூலால் பெருஞ்சிப்பிகளை அளந்து, சின்னவற்றை அங்கேயே விட்டுவிட்டு வருவாள்.

"இன்னிக்கு நூலை வேகவெச்சுத் தின்னுடி," என்பாள் அம்மா.

நான் பள்ளியைப் பாதியில் விட்டு அப்பாவோடு கடலுக்குப் போனேன். அவள் கடல் தாண்டி சூவா நகரம் வரை போய்க் கடலுயிர்களைப் பற்றிப் படித்துத் திரும்பினாள். அவள் தேவாலயத்துக்குள் நுழையும்போது நான் மரியாதைக்கு உடுப்பின் மேல் கட்டும் என் இடுப்புப் பாயை இழுத்துச் சரிசெய்துகொள்வேன், பட்டம் வாங்கியது நான்தான் என்பதுபோல.

பெருஞ்சிப்பிகள் எந்தப் பவளத்திட்டில் மிச்சமிருக்கின்றன என்று மூழ்கிப் பார்க்கும் வேலையை அவளே கேட்டு வாங்கினாள். அந்தத் திட்டுகளைத் தாண்டக்கூடிய தட்டையான படகு என்னுடையது மட்டுமே. அந்தக் கணக்கெடுப்புக்குத் தலைநகரிலிருந்து வந்த குழுவின் தலைவர் செமிசி, ஆண்கள் கூடிக் காவா என்னும் வேர்ச்சாறு குடிக்கும் கூடத்தில் எல்லார் முன்னாலும் பேச்சை எடுத்தார்.

"மாலகாய் அண்ணே, படகு உங்களுது. அவங்க உங்க தங்கச்சி. நனைஞ்ச துணியோட அவங்க ஏறி வர்றப்போ நீங்க அங்க இருக்கலாமா? உங்க குடும்பத்து மரியாதை எங்களுக்கு முக்கியம். நான் மூழ்கிக்கறேன். அவங்க ஆபீஸ்ல உக்காந்து கணக்குப் பாக்கட்டும்."

எங்கள் வழக்கம் அப்படித்தான். வயது வந்த அண்ணனும் தங்கையும் வீட்டில் ஓர் அறையில்கூடச் சேர்ந்து உட்காருவதில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கிண்ணத்தைப் பார்த்தேன். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள். சுவருக்கு வெளியே என் மனைவி சிசிலியாவோடு உட்கார்ந்திருந்த லெசியெலிக்கும் அந்தக் கைதட்டல் கேட்டிருக்கும்.

காலையில் சிசிலியா தேநீரை ஓசையோடு வைத்தாள்.

"மரியாதை குடுத்தே அவளைக் கரையில காயப்போட்டுட்டீங்க."

"நான் ஒண்ணுமே சொல்லலையே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"அவ என்ன சொன்னா?"

"'அண்ணனை நாலு பேர் முன்னாடி சங்கடப்படுத்திட்டேனே அண்ணி'ன்னு அழுதா. போதுமா?"

அதே வழக்கத்துக்கு இன்னொரு பாதி உண்டு: தங்கை கேட்டதை அண்ணன் மறுக்கக் கூடாது. என் வலை, என் பன்றி, என் படகு, எதைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும். அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததால் நான் தப்பித்துக்கொண்டேன். கூடத்தில் ஒருவருக்கும் அந்தப் பாதி ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது. வந்தும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்படும் நாளில் எண்ணெய் நிரப்பி, கயிறுகளைச் சுருட்டி வைத்துவிட்டுச் செமிசியிடம் போனேன்.

"படகு என் தங்கச்சியோடது. மூழ்கறது அவ. நான் வரலை. சிசிலியா ஓட்டுவா."

"பொம்பளையா ஓட்டப்போறாங்க? அலை எப்படி இருக்கு பாத்தீங்களா?"

சிசிலியா ஏற்கெனவே படகில் இருந்தாள். "பயமா இருந்தா நீங்க கரையிலயே இருங்க சார். உங்களுக்கும் கொஞ்சம் மரியாதை குடுத்தாப் போச்சு."

துறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். செமிசியும் சிரிக்க முயன்றபடி ஏறிக்கொண்டார். லெசியெலி வரும்போது நான் வலைக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இயந்திரச் சத்தம் திட்டைத் தாண்டும் வரை அங்கேயே நின்றேன்.

மாலையில் சிசிலியா தலையில் உப்புப் படிந்து வந்தாள். "வடக்குத் திட்டுல குஞ்சுச் சிப்பி நிறைய இருக்காம். செமிசி அவகிட்டக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதறாரு. ஆனா அவ போறப்பவும் வர்றப்பவும் கரையையே தேடிட்டிருந்தா. அண்ணனுக்குக் கோவமான்னு கேக்கறா."

அவளுக்கு என் மேல் வரவேண்டிய கோபம் அது. அதை என்னிடமே அவள் தேடியிருக்கிறாள்.

"கோவம் இல்லன்னு சொல்லு. அடுத்த வாரமும் படகு அவளோடதுன்னு சொல்லு."

"என்கிட்டச் சொல்றது லேசு," என்று செருப்பை உதறினாள் சிசிலியா. "அன்னிக்குக் கைதட்டினாங்களே, அவங்ககிட்ட யார் சொல்றது?"

இன்று சனிக்கிழமை. கூடத்தில் காவா கலக்கத் தொடங்கிவிட்டார்கள். இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். முடிச்சு சரியாக விழவில்லை.