பச்சைக் கோடு விழுந்த கண்ணாடி

"நிறுத்தக் கூடாத எடத்துல நிறுத்துனா இப்படித்தான் ஆவும், மதாம்."

என் காரைத் திருடர்கள் பிய்த்துப் போட்டுவிட்டுப் போன காலையில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் இதுதான். சொன்னவர் எதிர்வீட்டுக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். எங்கள் வீதியில் எல்லோருக்கும் அவர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். கையில் பால் பாக்கெட்டோடு தன் கேட்டில் சாய்ந்துகொண்டு, எனக்கு முன்னாலேயே எழுந்து வந்து பார்த்துவிட்டவர் போல நின்றார்.

காரின் இரண்டு பக்கமும் சைடு மிரர் இல்லை. மிரர் இருந்த இடத்தில் ஒயர்கள் அறுந்து தொங்கின. முன்பக்கம் கிரில்லின் நடுவில் இருந்த வட்டச் சின்னத்தைக் காணவில்லை. அதற்குப் பின்னால் இருந்த ரேடார் பெட்டியையும் கழற்றியிருந்தார்கள். டயரை விட்டுவிட்டார்கள். உள்ளே சீட்டில் கிடந்த என் குடையையும் தொடவில்லை. எது வேண்டுமென்று தெரிந்து வந்தவர்கள்.

கண்ணாடிதானே, வேறு போட்டுக்கொண்டால் ஆயிற்று என்று நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் பெரிய ஆஸ்பத்திரியில் என் கழுத்து எலும்புகளைச் சேர்த்து ஸ்க்ரூ போட்டார்கள். அதற்குப் பிறகு என்னால் தலையைத் திருப்ப முடியாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்ப வேண்டும். வண்டி ஓட்டும் ஆசையை விட்டுவிட்டிருந்தேன். பிறகுதான் இந்தக் கார் வந்தது. இண்டிகேட்டர் போட்டால் போதும், மிரருக்கு அடியில் இருக்கும் கேமரா பக்கத்தில் வருவதையெல்லாம் எனக்கு எதிரே இருக்கும் திரையில் காட்டிவிடும். முன்னால் போகிறவன் திடீரென்று நின்றால் ரேடார் பார்த்து பிரேக்கைப் பிடித்துவிடும். டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் ஓட்ட ஆரம்பித்தேன். தவளக்குப்பத்தைத் தாண்டி ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். அந்தக் காரால்தான் வேலையில் இருந்தேன்.

சொல்தாவின் வீட்டு போர்ட்டிகோவில் வீதியைப் பார்த்தபடி ஒரு கேமரா இருந்தது. பால் பாக்கெட்டோடு உள்ளே போகத் திரும்பியவரை நிறுத்தினேன்.

"உங்க கேமராவுல எல்லாம் விழுந்திருக்கும். கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்."

"நோன். முடியாது."

"இன்னாங்க நோன்? திருட்டு போயிருக்கு."

"அது என் வூட்டுக்கு வெச்ச கேமரா. உங்க காருக்குக் காவலா வெச்சிருக்கேன்?"

கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். எங்களுக்குள் இருந்தது பழைய பகை. எங்கள் வீட்டு வாசலில் கரண்ட் கம்பமும் சாக்கடை மூடியும் இருப்பதால் கார் நிற்க முடியாது. எதிரே அவர் மதிலோரம்தான் இடம். அது பொது வீதி. அவருடைய கேட்டோ வெளிப்பக்கம் திறக்கும் பச்சை இரும்புக் கேட். ஒருநாள் அவர் வேகமாகத் தள்ளித் திறந்ததில் கேட் என் இடது மிரரின் மேல் உரசி, வெள்ளை மூடியில் விரல் நீளத்துக்குப் பச்சைக் கோடு விழுந்தது. கேட்டபோது, "என் கேட்டு எதையும் தொடல. நீங்க எங்கியாவது இடிச்சிட்டு வந்து என் மேல போடறீங்க" என்றார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. பேசினால் இந்த மாதிரிதான்.

போலீஸ் ஸ்டேஷனில் வாசலில் இருந்த சிவப்புத் தொப்பிக் கான்ஸ்டபிள் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காரு இருக்குதுல்லம்மா?" என்றார்.

"இருக்கு."

"அப்ப கண்ணாடிதான போச்சு."

"உங்க வூட்ல பூந்து கதவ மட்டும் கழட்டிட்டுப் போனா, வூடு இருக்குதுல்லன்னு விட்டுடுவீங்களா?"

என் குரல் உள்ளே கேட்டிருக்க வேண்டும். சப் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு உட்கார வைத்தார். இளைஞர், அவசரப்படாதவர். புகாரை எழுதிக்கொண்டு, அன்று மத்தியானமே வீதிக்கு வந்தார். தெருமுனை மருந்துக் கடைக் கேமரா கடை வாசலைத் தாண்டி எதையும் பார்க்கவில்லை. மிச்சம் சொல்தாவினுடையதுதான். அவர் வீட்டுக்குள் போன சப் இன்ஸ்பெக்டர் வெகுநேரம் கழித்து உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னா சார், தெரியுதா?"

"அது டம்மிம்மா. வெறும் கூடு. உள்ள ஒண்ணுமே இல்ல. திருடனப் பயமுறுத்த மாட்டி வெச்சிருக்காராம்."

நான் சிரித்தேன். சொல்தாவின் காதில் விழ வேண்டும் என்றே நடு வீதியில் நின்று சத்தமாகச் சிரித்தேன். மாடி ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. காட்ட மாட்டேன் என்று அவர் சொன்னதற்குக் காரணம் என் மீது இருந்த வெறுப்பு மட்டும் இல்லை என்று புரிந்தது. புரிந்ததால் என் கோபம் ஒன்றும் குறையவில்லை.

கம்பெனி சர்வீஸில் விசாரித்தால், கேமரா மிரரும் ரேடாரும் சென்னையிலேயே கையிருப்பு இல்லை, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். மறுபடி பஸ். கடலூர் சாலையில் நின்றுகொண்டே போகும்போது டிரைவர் போடும் ஒவ்வொரு பிரேக்கும் என் கழுத்தில் இறங்கியது. எப்போதோ கழற்றி வைத்த கழுத்துக் காலரை மறுபடி மாட்டினேன். பின்னால் இருந்து "மேடம், நவுருங்க" என்று கண்டக்டர் கத்துவார். திரும்பிப் பார்க்க முடியாத என்னை, காது கேட்காதவள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கத்துவார். ராத்திரி படுத்தால் தோள்பட்டை வரை எரியும். திருடனின் முகம் தெரியாததால் எல்லா முகங்களின் மீதும் எனக்கு வெறுப்பு வந்தது. வகுப்பில் சும்மா பேசிய பிள்ளைகளைக்கூட வெளியே நிற்க வைத்தேன்.

என் வீட்டுக்காரர்தான் தட்டாஞ்சாவடி யோசனையைச் சொன்னார். "அங்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பக்கத்துல பழைய பார்ட்ஸ் கடைங்க இருக்குதாம். ஆக்சிடென்ட் ஆன வண்டிலருந்து கழட்டுனது கெடைக்குமாம். போய்ப் பாக்கலாமா?" அவருக்கு அன்று ஷிப்ட். நான் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை பள்ளி விட்டதும் ஆட்டோ பிடித்துப் போனேன்.

முதலில் பார்த்த இரண்டு கடைகளில் இல்லை. மூன்றாவது கடைக்காரர் நல்ல வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி வைத்திருந்தார். மாடலைச் சொன்னதும் "கேமரா வெச்ச மிரர்தான? இருக்குது மேடம். சென்னைலருந்து வந்தது. உக்காருங்க" என்று ஒரு சாக்கைப் பிரித்தார். வலது மிரரை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு இடதை எடுத்தார்.

வெள்ளை மூடியில் விரல் நீளத்துக்குப் பச்சைக் கோடு.

எடுத்துப் பார்த்தேன். நான் எலுமிச்சம்பழமும் துணியுமாகத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் போகாமல், ஓரத்தில் கொஞ்சம் மங்கியிருந்த அதே கோடு.

"இது என்னோடது" என்றேன்.

"இன்னா மேடம் சொல்றீங்க?"

"என் கார்லருந்து திருடுனது. இந்தப் பெயிண்டு எங்க எதிர்வூட்டுக் கேட்டோடது."

அவர் முகம் மாறவில்லை. கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலை இறக்கினார்.

"சரி, உங்களோடதுன்னே வெச்சுக்குவோம். போலீசுக்குப் போனா இன்னா ஆவும் தெரியுமா? கேசு சொத்துன்னு எடுத்துனு போய் மூலையில போட்டுடுவாங்க. அப்புறம் கோர்ட்டு. உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. ஒரு வெலையப் போட்டு எடுத்துனு போங்க. ரேடாரும் தர்றேன். நாளைக்கே வண்டிய எடுக்கலாம். கழுத்துல வேற பெல்ட் போட்டுனு இருக்கீங்க, எதுக்கு அலைச்சல்?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. திங்கட்கிழமை பஸ்ஸை நினைத்தேன். எரியும் தோளை நினைத்தேன். என் காரில் இருந்து எடுத்த பொருளை எனக்கே விற்கிற மனிதன், என் கழுத்துக்காக வேறு இரக்கப்படுகிறான். அதை என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்து கடை வாசலுக்கு வந்து, சப் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டேன். நான் பேசுவதைக் கேட்டதும் கடைக்காரர் சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஷட்டரை இழுக்க வந்தார். நான் ஷட்டருக்கு நேர் கீழே, வாசற்படியில் நின்றுகொண்டேன்.

"நவுரும்மா."

"இழு. என் தலையில விழட்டும். கழுத்துக்குள்ள ஸ்க்ரூ இருக்கு, சத்தம் நல்லா கேக்கும்."

பக்கத்து லேத் பட்டறையில் இருந்து ஆட்கள் வந்து கூடினார்கள். "பொம்பளகிட்ட இன்னாயா தகராறு" என்று ஒருவர் கேட்டார். கடைக்காரர் அவர்களிடம், நான் பொருளை எடுத்துக்கொண்டு காசு தராமல் ஓடப் பார்க்கிறேன் என்றார். நான் என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று இப்போது எழுத முடியாது. வாத்தியார் வேலை பார்ப்பவள் வாயில் வரக்கூடாத வார்த்தைகள் எல்லாம் வந்தன. ஜீப் வரும்வரை அந்தப் படியை விட்டு நான் நகரவில்லை.

ஸ்டேஷனில் கடைக்காரர் புதுக் கதை சொன்னார். பழைய இரும்பு வண்டிக்காரனிடம் வாங்கியது, இந்த மாதிரி கோடு ஆயிரம் மிரரில் இருக்கும் என்றார். சப் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.

"இது உங்க வண்டி மிரர்தான்னு வேற யாராவது சொல்ல முடியுமாம்மா?"

சொல்லக்கூடிய ஒரே ஆள் சொல்தா. தன் கேட்தான் இடித்தது என்று அவரே ஒப்புக்கொண்டால்தான் உண்டு. வரமாட்டார் என்றேன். சப் இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பினார்.

வந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவும் போட்டு, விறைப்பாக நடந்து வந்தார். மேஜை மேல் இருந்த மிரரைக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது என் கேட்டுப் பெயிண்டுதான். நானே கலந்து அடிச்ச கலரு, கடையில கெடைக்காது. என் கேட்டுதான் இடிச்சுது."

"அப்ப இது இந்தம்மா வண்டியோடதுதான்?"

"ஆமா. தெனம் என் கேட்ட அடச்சிக்கினுதான் நிறுத்தறாங்க. அதனாலதான் இடிச்சுது. அத்தயும் எழுதுங்க."

"அது இந்தக் கேசுல வராது சார்."

"எழுதுனாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

எழுதினார்கள். அவர் சாட்சி வாக்குமூலத்தில் என் கார் அவர் கேட்டை மறைத்து நிற்பதும் இருக்கிறது. வெளியே வரும்போது வேண்டாவெறுப்பாக நன்றி சொன்னேன்.

"உங்களுக்காக வரல, மதாம்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

கடைக்காரர் அதற்குமேல் தாங்கவில்லை, திருடிக் கொண்டுவந்து விற்றவனைக் காட்டிக்கொடுத்தார். ஒரு கையெழுத்துக்காக என்னை மறுபடி ஸ்டேஷனுக்கு வரச் சொன்னபோது அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். ஏதோ ஒரு வொர்க்‌ஷாப்பில் எலக்ட்ரிகல் வேலை பார்த்தவனாம். ஒழுங்காகச் சவரம் செய்த முகம். இத்தனை நாள் நான் கற்பனை செய்து வைத்திருந்த எந்த முகமும் இல்லை. அவன் எதிரே போய் நின்றேன்.

"என்னால கழுத்தத் திருப்ப முடியாது. அந்தக் கேமரா இல்லாம நான் வண்டி ஓட்ட முடியாது. உனக்குத் தெரியுமா?"

அவன் நிமிர்ந்து என் காலரைப் பார்த்தான்.

"நான் வண்டியத்தான் பாப்பேன். ஆளப் பாக்கறதில்ல."

அடித்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு பெண் போலீஸ் என் தோளைப் பிடித்து நகர்த்தினார்.

கடைக்காரர் சொன்னபடியேதான் நடந்தது. மிரர்களும் ரேடாரும் சாக்கோடு ஸ்டேஷன் மூலையில் மாதக்கணக்கில் கிடந்தன. வக்கீல் வைத்து மனுப் போட்டு, கேட்கும்போது கோர்ட்டுக்குக் கொண்டுவருவதாக எழுதிக் கொடுத்த பிறகு திரும்பக் கிடைத்தன. சர்வீஸில் கொடுத்தால், ஒயரை வேரோடு அறுத்திருக்கிறார்கள், ரேடாரின் கால் உடைந்திருக்கிறது, எதுவும் வேலை செய்யாது என்றார்கள். அவை இப்போது எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. புதிதாக ஆர்டர் போட்டவை அதற்குள் வந்து மாட்டியாயிற்று. மறுபடி நானே ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன்.

கேஸ் நடக்கிறது. போன வாய்தாவில் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் கடைக்காரர் என்னிடம் வந்தார். உடம்பு இளைத்திருந்தது. கும்பிட்டார்.

"மேடம், உங்களுக்கு ஆன செலவு அத்தனையும் நானே குடுத்துடறேன். சமாதானமாப் போயிடலாம். ஒவ்வொரு தடவையும் கடைய மூடிட்டு வர வேண்டியிருக்கு."

"முடியாது" என்றேன்.

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "பொருள் வந்துடுச்சி, காரு ஓடுது. உனக்கும் ஒவ்வொரு தடவையும் லீவு போவுது. இன்னும் இன்னாதான் வேணும் உனக்கு?"

"அவன் கடைய மூடிட்டு வரணும்."

உள்ளே எங்கள் கேஸ் நம்பரைக் கூப்பிட்டார்கள். கடைக்காரர் வேட்டியை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டு ஓடினார். நான் மெதுவாகப் பின்னால் போனேன்.