இன்டர்வியூவுக்கு நாலு முழம் மல்லிகை

எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரி இன்டர்வியூவுக்கு முதன்முதலாகப் போனவள் என் அக்கா. ஆனால் அன்றைக்கு நகையும் பூவுமாக ஜோடித்துக்கொண்டு கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கு அப்போது எட்டு வயது. அந்த வயதிலேயே என் அழகைப் பற்றி எனக்குச் சந்தேகம் எதுவும் இருந்ததில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. நாங்கள் ஸ்ரீரங்கத்தில் இருந்தோம். அக்கா எஸ்.எஸ்.எல்.சி.யில் நிறைய மார்க் வாங்கியிருந்தாள். திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் கல்லூரி ஒன்றிலிருந்து, நேரில் வரச்சொல்லிக் கார்டு வந்தது. அதே வாரம் உப்பிலியபுரத்திலிருந்து ஒரு வரனும் வந்தது. இரண்டு கிணறு, நல்ல வயல், ஒரே பையன். அப்பா தபாலாபீஸ் குமாஸ்தா. யாரையும் எதையும் மறுத்துப் பழக்கமில்லாதவர். சீட் கிடைத்தால் அக்கா படிக்கட்டும், கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. முடிவு செய்தது அத்தை. அப்பாவுக்கு மூத்தவள், எங்களோடேயே இருந்தாள், அவள் சொன்ன பிறகு வீட்டில் வேறு பேச்சு இருக்காது.

பெண்ணை வரச்சொல்வார்கள், உட்காரவைப்பார்கள், பார்த்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள் என்றால் அத்தைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஆகவே பெண் பார்க்க வருகிறவர்களுக்கு எப்படித் தயார் செய்வாளோ அப்படியே அக்காவைத் தயார் செய்தாள். குனிந்த தலை நிமிரக் கூடாது, கேட்டால் மட்டும் பதில், அதுவும் அடுத்த ஆளுக்குக் கேட்காத குரலில். மூன்று நாள் கூடத்தில் ஒத்திகை நடந்தது. நானும் கூடவே உட்கார்ந்து தலை குனிந்து பழகினேன். அக்காவைவிட நான் நன்றாகவே செய்தேன்.

உடுப்பு விஷயத்தில்தான் சண்டை வந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன நீலப் பருத்தித் தாவணியே போதும் என்றாள் அக்கா. அம்மாவின் கல்யாணப் பட்டை எடுத்து வெளியில் வைத்தாள் அத்தை. அக்கா சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த அம்மா, ரொம்பப் பணிவாகக் குறுக்கே வந்தாள்.

"பட்டு பஸ்ல கசங்கிப் போயிடும் அண்ணி. தாவணியே கட்டிக்கட்டும். நகை, பூவெல்லாம் நீங்க சொல்றபடி போட்டுடலாம்."

அத்தைக்கு அது நியாயமாகப் பட்டது. அட்டிகை, கை நிறைய வளையல், பின்னலில் குஞ்சலம், அதன்மேல் நாலு முழம் மல்லிகை என்று தாவணியில் விட்டதை மற்றதில் பிடித்துக்கொண்டாள். புறப்படும்போது அம்மா, சின்னவளும் துணைக்குப் போகட்டும் என்றாள். வழக்கமாக என் தலையில் ஒரு துளி பூவாவது வைப்பவள், அன்றைக்கு வெறுந்தலையாக அனுப்பினாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

அப்போது கட்டி முடியாமல் நின்ற மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பஸ் ஏறினோம். பஸ் காவிரிக்கரை அம்மா மண்டபத்தைத் தாண்டியதும் அக்கா என்னை மடிமேல் இழுத்து உட்காரவைத்தாள். முதலில் பூ என் தலைக்கு வந்தது. பிறகு குஞ்சலம். பிறகு அட்டிகை. வளையல்கள் என் கையில் நிற்காமல் நழுவியதால், முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டாள். நான் மூச்சுவிடக்கூடப் பயந்தேன். அசைந்தால் திருப்பி வாங்கிவிடுவாளோ என்று. எதிர் ஸீட்டில் அப்பா ஜன்னல் வழியாகக் காவிரியையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனி மாதத்துக் காவிரியில் பார்ப்பதற்கு மணலைத் தவிர ஒன்றும் கிடையாது.

கல்லூரியில் அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் இருந்த பெஞ்சிலிருந்து பாதி திறந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. மேஜைக்குப் பின்னால் வயதான மதர் ஒருவர். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்து, வராந்தா முழுக்கக் கேட்கும்படி இங்கிலீஷில் பதில் சொன்னாள். ஏதோ ஒரு கேள்விக்கு எதிர்க்கேள்விகூடக் கேட்டாள். மதர் சிரித்தார். இத்தனை ஒத்திகையும் வீணாய்ப் போயிற்றே, அத்தைக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

வெளியே வந்த மதர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். "இன்னைக்கு உனக்குப் பிறந்தநாளா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, எங்க அக்காவுக்கு இன்டர்வியூ" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் எல்லாம் ஒவ்வொன்றாக அக்காவிடம் போய்ச் சேர்ந்தன. யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொல்லவேயில்லை. சொல்லியா தெரிய வேண்டும் எனக்கு?

அன்று சாயங்காலம் அத்தை கோவிலுக்குப் போயிருந்தாள். அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, முகத்தைப் பிடித்துக்கொண்டு, மெல்லக் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு. அக்கா தலை நிமிர்ந்து பேசினாளா?"

அம்மாவும் அத்தை கட்சிதான் என்பது எனக்குத் தெரியும். மாட்டிக்கொள்ள நான் என்ன முட்டாளா? "இல்லம்மா. குனிஞ்ச தலை நிமிரல. அவ பேசினது எனக்கே கேக்கல" என்றேன்.

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். அக்காவைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் நான் பாண்டி ஆடப் போனேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் குழம்பில் உப்பு ஒருநாள் இருந்தது, ஒருநாள் இல்லை. அத்தை உப்பிலியபுரத்துக்குக் கடிதம் எழுதச் சொல்லி அப்பாவை அவசரப்படுத்தியபோதெல்லாம் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். பதினோராம் நாள் அப்பாவே கையில் கார்டோடு வந்தார். அக்காவுக்கு இடம் கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் கார்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "குனிஞ்சுக்கிட்டா பேசினா?" என்றாள்.

நான் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆமாம் என்றேன்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் அவள் முதுகைத் தடவி, "அழாதம்மா, இதைவிட நல்ல மாப்பிள்ளையா வருவாங்க" என்று சமாதானம் சொன்னேன்.