இரண்டு மரங்கள் நிற்கும் எழுத்து

என் கணவருக்குச் சீனத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வாசிக்கத் தெரியும். அவருடைய குலப்பெயர் எழுத்து. இரண்டு மரங்கள் தோளோடு தோள் உரசி நிற்கும், வாசிப்பு லின், பொருள் காடு. சீனப் பள்ளிக்கூடங்களைப் பர்மிய அரசு எடுத்துக்கொண்ட பிறகு பிறந்தவர் அவர். பசுந்தாங் பேட்டையில் எங்கள் தமிழ்ச் சந்துப் பிள்ளைகளோடு கோலி ஆடி வளர்ந்ததால் தமிழ் நன்றாக வரும், பர்மியம் அதைவிட நன்றாக வரும். பாட்டன் மொழி மட்டும் அந்த இரண்டு மரங்களோடு நின்றுபோனது.

ஆனால் அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவர் அடித்த கூத்து இருக்கிறதே! சீனக் கடைக்காரர் கொடுத்த நாள்காட்டியில் பனிமூட்டமும் குன்றுகளுமாய் ஓர் ஊர். பெயரைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். "குய்லின். பாரு, கடைசி எழுத்து நம்மது." ஜின்செங் மருந்து வேர் வந்த டப்பாவில் ஜிலின். பழைய சண்டைப் பட உறையில் ஷாவ்லின். ஒருநாள் சீனத்தில் அச்சிட்ட உலகப் படத்தைத் தரையில் விரித்து, ஐரோப்பாவில் விரலை ஊன்றிக் கத்தினார். "அடியே, பெர்லின்! எங்க ஆளுங்க ஜெர்மனி வரைக்கும் போயிருக்காங்க!"

மகளுக்கு அப்போது ஏழு வயது. அப்பா கண்டுபிடிப்பார், அவள் கத்தரிப்பாள், சோற்றுப் பருக்கையால் நோட்டில் ஒட்டுவாள். அடுத்த வீட்டுச் சீனத் தையல்காரர் பழமொழிகளைச் சொல்லித் தருவார். தனிமரம் காடாகாது என்று அவர்கள் மொழியிலும் இருப்பது தெரிந்த அன்று என் கணவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "நீங்க தோப்புங்கிறீங்க, நாங்க காடுங்கிறோம். யாரு யாரப் பாத்துக் காப்பியடிச்சது, சொல்லு?"

போன வருடம் அவர் போய்விட்டார்.

ஒரு வருடம் முடிந்ததும், இறந்தவரின் நினைவுப் பலகையைக் குலச் சங்கக் கூடத்து மாடத்தில் ஏற்ற வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பலகையின் நடுவில் இறந்தவர் பெயர். இடது ஓரத்தில் சிறிய எழுத்தில், உயிரோடிருந்து வணங்குபவரின் பெயர். அந்த ஓரத்தில் மகன் பெயர் வரும். மகன் இல்லையென்றால் சகோதரன் மகன் பெயர் வரும். எங்களுக்கு ஒரே மகள். கணவரின் அண்ணன் மகனோ சிங்கப்பூரில் இருக்கிறான். சித்தப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும் அவன் அனுப்பியது போனில் கைகூப்பும் பொம்மைப் படம் ஒன்று.

மகள் என்னிடம் சொன்னாள்: "அம்மா, அந்த ஓரத்துல என் பேர்தான் வரணும்." தமிழில் சொன்னாள். கோபம் வந்தால் பர்மியத்துக்குத் தாவிவிடுகிறவள், அன்று தாவவில்லை. அது போதும் எனக்கு.

சங்கச் செயலாளரிடம் போனோம். மின்சாரம் இல்லை, கூடத்தில் ஊதுபத்திப் புகையும் தெருவின் ஜெனரேட்டர் இரைச்சலும். பர்மியர் பெரியவர்களை அழைக்கிறபடி அவரை நானும் 'சயாஜி' என்பேன். பேசியது பர்மியத்தில், என் காதில் அது தமிழாகவே பதிந்திருக்கிறது.

"தங்கச்சி, பொண்ணு நாளைக்கு வேற வீட்டுக்குப் போறவ. எங்க பேர் அவளோட தங்காது."

"இப்ப மட்டும் எங்க சயாஜி இருக்கு? அவ அடையாள அட்டையில இருக்கறது செவ்வாக்கிழமைப் பேரு."

உண்மைதான். பர்மியருக்குக் குலப்பெயர் கிடையாது. பிறந்த கிழமைக்குரிய எழுத்தில் பெயர் தொடங்கும். எங்கள் தமிழ் வழியிலும் அப்பா பெயரின் முதலெழுத்தைத் தவிர முன்னும் பின்னும் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் குலப்பெயர் அறியாத பெண் அந்த எழுத்தைக் கேட்டு வந்து நிற்கிறாள். மடியில் கட்டிக்கொடுக்கக் கூடாதா? காடுதானே, குறைந்தா போகும்?

அவர் சிரித்தார். "காடு பெருசானா கண்ட பறவையும் வந்து உக்காரத்தான் செய்யும்." எங்களைச் சொன்னார்.

எனக்கு உச்சி சுட்டது. அவர் தலைக்கு மேலே சுவரில் பொன் பூசிய படம். வருகிறவர்களுக்கெல்லாம் அவரே பெருமையாகச் சொல்லும் கதை. கொடுங்கோல் அரசன் ஒரு மந்திரியின் நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுத்தான். கர்ப்பிணி மனைவி காட்டுக்குள் ஓடி, கற்குகையில் பிள்ளை பெற்றாள். பின்னால் வந்த அரசன் அந்தப் பிள்ளைக்குக் காடு என்றே குலப்பெயர் கொடுத்தான்.

"சயாஜி, அந்தப் புள்ளைக்கு அப்பன் பேரா கெடைச்சுது? ஆத்தா ஓடி ஒளிஞ்ச எடந்தான் உங்க எல்லாருக்கும் பேரு. அவ ஓடலேன்னா இந்தக் கூடம் ஏது, அந்த நாக்காலி ஏது? பொண்ணு கொடுத்த பேர பொண்ணுக்கு இல்லேங்கறீங்க."

அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விசிறியை எடுத்துக்கொண்டார். "கமிட்டி ஒத்துக்காது."

"ஒத்துக்க வேணாம். பலகையோட வர்றோம்."

சீனத் தெருவில் பலகை எழுதும் கிழவரிடம் போனோம். மகளுக்குச் சீனப் பெயர் ஒன்று வைத்து எழுதிவிடலாம் என்றார். அவள் தலையாட்டி மறுத்தாள். ஓரத்தில் மேலே அப்பாவின் குல எழுத்து, கீழே அவளுடைய பர்மியப் பெயர், பர்மிய வட்ட எழுத்திலேயே.

"இத்தன வருஷத்துல இதுல வட்ட எழுத்து எழுதினதில்லம்மா," என்றார் கிழவர். தூரிகையைத் தங்க மையில் தோய்த்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். "காட்டுக்கு மேல தல நீட்டுற மரத்தத்தான் காத்து மொதல்ல ஒடிக்கும். தெரியுமில்ல?"

"ஒடிக்கட்டும் தாத்தா. நீங்க எழுதுங்க," என்றாள் மகள்.

எழுதினார். நன்றாகவே எழுதினார்.

ஏற்றும் நாளில் நான்கு குடும்பங்கள் வரிசையில் நின்றன. மற்ற மூன்றிலும் பலகை ஆண்கள் கையில். எங்கள் முறை வந்ததும் செயலாளர் எழுந்து குறுக்கே வந்தார். அந்த வட்ட எழுத்தை வாசித்தார். அது அவருக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து. நாள் முழுக்க அதில்தான் கணக்கும் கடிதமும் எழுதுகிறார். கையை நீட்டினார். மகள் கொடுக்கவில்லை. நான் அவள் முதுகுக்குப் பின்னால், பொட்டும் சேலையுமாக, நகராமல் நின்றேன். வரிசையில் யாரோ ஒரு பெண் இருமினாள். கூடம் முழுவதும் எங்களைப் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் வந்திருந்தோம்.

மகள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். முக்காலியில் ஏறினாள். மூன்றாவது அடுக்கில், இரண்டு கிழப் பலகைகளுக்கு நடுவே கைக்கு அகப்பட்ட இடத்தில் அப்பாவை வைத்தாள். ஊதுபத்தி மூன்றைக் கொளுத்தினாள். அவளைத் தொட்டு இழுக்க அங்கே ஒருவருக்கும் துணிவில்லை. எரியும் ஊதுபத்தி கையில் இருக்கும்போது அப்படிச் செய்யக் கூடாதாம்.

வாசலில் செயலாளர் என்னை நிறுத்தினார். குரல் தாழ்ந்திருந்தது. "அடுத்த கமிட்டிக் கூட்டத்துல எடுத்துருவாங்க, தங்கச்சி. நான் சொல்லிட்டேன்."

"எடுக்கட்டும், சயாஜி. எடுத்தா பத்திரமா ஒரு ஓரமா வையுங்க. மறுநாளே வந்து திரும்பவும் ஏத்திருவோம்."

மகள் அதற்குள் தெருவுக்கு இறங்கி, பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தாள்.